ஹாலே நகரைச் சுற்றிப் பார்க்க: கிழமை, டிக்கெட், ஓலைச்சுவடி

ஜெர்மனிக்கு வரும் தமிழர்கள் பெர்லின், மியூனிக், கொலோன் என்று பட்டியல் போடுகிறார்கள். ஸாலே ஆற்றங்கரையில் இருக்கும் ஹாலே அந்தப் பட்டியலில் அநேகமாக இருப்பதில்லை. இருந்தாலும், லைப்சிக்குக்குப் போகிறவர்கள் ஒரு பிற்பகலில் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும் ஊராகவே இருக்கிறது. தரங்கம்பாடி அச்சகத்துக்கான தமிழ் எழுத்துகள் முதலில் ஈயத்தில் வார்க்கப்பட்டது இந்த ஊரில்தான். தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு காலத்து ஓலைச்சுவடிகளும் கடிதங்களும் இன்றும் இங்கே பத்திரமாக இருக்கின்றன. அவற்றைப் பார்க்க அரை நாள் போதாது. ஒரு முழு நாள் வேண்டும். ஆவணக் காப்பகத்துக்குள் போவதானால் இரண்டு நாள். சரியான கிழமையில் போவதும் முக்கியம்.

1. எந்த ஹாலே என்று முதலில் பாருங்கள்

ஜெர்மனியில் ஹாலே என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் உண்டு. டென்னிஸ் போட்டிக்குப் பெயர்பெற்ற ஹாலே, வெஸ்ட்ஃபாலன் பகுதியில் பீலஃபெல்டுக்கு அருகில் இருக்கிறது. நீங்கள் போக வேண்டிய ஹாலே கிழக்கே, ஸாக்சன்-அன்ஹால்ட் மாநிலத்தில் இருப்பது. இரண்டுக்கும் இடையே பல மணி நேர ரயில் பயணம். ‘ஹாலே’ என்றால் ஜெர்மனில் பெரிய மண்டபம் என்றும் பொருள் இருப்பதால், இணையத் தேடலில் கண்காட்சி அரங்குகளும் விளையாட்டு அரங்குகளும் வந்து குழப்பும்.

ரயில் டிக்கெட்டில் ‘ஹாலே (ஸாலே) ஹாப்ட்பான்ஹோஃப்’ என்று இருக்கிறதா பாருங்கள். ஹாப்ட்பான்ஹோஃப் என்றால் முதன்மை ரயில் நிலையம். ஓட்டல் பதிவில் அஞ்சல் குறியீட்டைப் பாருங்கள்: 06 என்று தொடங்கினால் சரி, 33 என்று தொடங்கினால் தவறான ஊர். பணம் திரும்பாத சலுகை விலை அறையை எடுப்பவர்கள் இந்த இரண்டு இலக்கத்தைப் பார்க்காமல் பொத்தானை அழுத்த வேண்டாம்.

‘லைப்சிக்/ஹாலே’ என்று பெயர்ப் பலகை உள்ள நிலையம் விமான நிலையத்துக்கானது. இரண்டு நகரங்களுக்கும் நடுவே இருக்கிறது. பெயரில் ஹாலே இருப்பதைப் பார்த்து அங்கே இறங்கிவிடாதீர்கள்.

2. விசா, அடையாள ஆவணம்

ஜெர்மனியிலோ வேறு ஷெங்கன் நாட்டிலோ செல்லத்தக்க வதிவிட அனுமதி வைத்திருப்பவர்களுக்குத் தனி விசா தேவையில்லை. அந்த அட்டையையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டால் போதும். வேறு ஷெங்கன் நாட்டின் அனுமதியில் வருபவர்கள் 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். பிரிட்டன், கனடா குடியுரிமை பெற்ற தமிழர்களுக்குக் குறுகிய பயணத்துக்கு விசா வேண்டாம். பிரிட்டனில் குடியிருந்தாலும் கையில் இருப்பது இந்திய அல்லது இலங்கை பாஸ்போர்ட் என்றால் விசா வேண்டும். குடும்பத்தில் ஒருவர் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும் மற்றவர் இலங்கை பாஸ்போர்ட்டும் வைத்திருக்கும் வீடுகளில் இந்த வேறுபாடு கடைசி நேரத்தில்தான் நினைவுக்கு வருகிறது.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருபவர்கள் குறுகிய கால ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கவனிக்க வேண்டியவை:

- பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஷெங்கன் பகுதியை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் குறைந்தது 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். வெற்றுப் பக்கம் குறைந்தது இரண்டு வேண்டும்.
- பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. தங்கும் நாள்கள் முழுவதையும் அது உள்ளடக்க வேண்டும்.
- கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, 6 வயதுக்குக் கீழ் இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் இதில் சேராது.
- பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு வர வழக்கமாக 15 நாள், சில சமயம் 45 நாள் வரை. ஆனால் விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதற்கே கோடைக்கு முன் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். ஜூன் பயணத்துக்கு ஜனவரியிலேயே தொடங்கிவிடுங்கள்.

பல நாடுகளுக்குப் போகிறீர்கள் என்றால், எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பாரிஸில் ஐந்து நாள், ஜெர்மனியில் மூன்று நாள் என்று திட்டம் போட்டுவிட்டு, நேரம் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக ஜெர்மன் விசா கேட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்.

3. கிழமையைத் தேர்ந்தெடுங்கள்

ஹாலே பயணம் சொதப்புவதற்கு முதல் காரணம் திங்கள்கிழமை. ஓலைச்சுவடிகள் இருக்கும் பிராங்கே அறநிலையத்தின் கண்காட்சிகள், நெப்ரா வான்தட்டு என்ற பழங்கால வெண்கலத் தட்டு இருக்கும் மாநிலத் தொல்வரலாற்று அருங்காட்சியகம், ஹெண்டல் இல்லம் மூன்றும் திங்களன்று மூடியிருக்கும். மோரிட்ஸ்பூர்க் கலை அருங்காட்சியகம் மட்டும் திங்களன்று திறந்திருக்கும். அதற்கு விடுமுறை புதன்கிழமை.

செவ்வாய், வியாழன், வெள்ளி மூன்றும்தான் மிக நல்ல நாள்கள். எல்லா அருங்காட்சியகங்களும் திறந்திருக்கும், கடைகளும் இருக்கும், காப்பகத்தின் வாசிப்பறையும் இயங்கும். சனிக்கிழமை வாசிப்பறையைத் தவிர மற்றவை கிடைக்கும். ஞாயிறன்று ஊரில் கடைகள் மூடிக்கிடக்கும். தண்ணீரும் சாப்பாடும் சனிக்கிழமை மாலையே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ரயில் நிலையக் கடைகளை நம்ப வேண்டியதுதான்.

ஜெர்மனியில் பொது விடுமுறைகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஸாக்சன்-அன்ஹால்ட்டில் ஜனவரி 6, அக்டோபர் 31 இரண்டும் விடுமுறை. பெர்லினில் வேலை செய்பவர்களுக்கு அவை வேலை நாள்கள் என்பதால் இது தெரியாமல் வந்துவிடுகிறார்கள். அந்த நாள்களில் அருங்காட்சியகம் திறந்திருந்தாலும் வாசிப்பறையும் கடைகளும் இருக்காது.

இசைமேதை ஹெண்டல் பிறந்த ஊர் இது. ஒவ்வொரு ஆண்டும் ஜூன் மாதத்தையொட்டி ஹெண்டல் விழா நடக்கும்போது ஓட்டல் விலை ஏறும். இசைக்காக வரவில்லையென்றால் அந்த வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். லைப்சிக்கில் மார்ச் புத்தகக் கண்காட்சி நடக்கும்போது அங்கே அறை கிடைக்காதவர்கள் ஹாலேக்கு வந்து தங்குவார்கள். அப்போதும் இதே நிலைதான்.

4. வந்து சேர்வது: ரயில் டிக்கெட்டில் எங்கே பணம் போகிறது

மியூனிக்–பெர்லின் விரைவுப் பாதையில் ஹாலே இருப்பதால் ஐசிஇ என்ற அதிவேக ரயில்கள் நிற்கும். பெர்லினிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். மியூனிக்கிலிருந்தும் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்தும் சுமார் மூன்று மணி நேரம். லைப்சிக்கிலிருந்து எஸ்-பான் புறநகர் ரயிலில் அரை மணி நேரம் அல்லது சற்று மேல்.

ஐசிஇ டிக்கெட் வாங்கும்போது சலுகை விலைகள் கண்ணில் படும். மிகக் குறைந்த விலையில் வருவது ‘சூப்பர் ஷ்பார்பிரைஸ்’. அதை ரத்து செய்தால் பணம் வராது. குறிப்பிட்ட ரயிலில் மட்டுமே ஏற முடியும். அடுத்த ரயிலில் ஏறினால் டிக்கெட் இல்லாதவராகக் கருதப்படுவீர்கள். போய்ச் சேரும் இடத்தில் குறைந்தது 20 நிமிடம் தாமதம் ஆகும் என்று தெரிந்தால் மட்டும் இந்தக் கட்டுப்பாடு விலகும். அப்போது வேறு ரயிலில் ஏறலாம். 60 நிமிடம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதமும், 120 நிமிடமானால் 50 சதவீதமும் கேட்டு வாங்கலாம். தாமத அறிவிப்பைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விமானத்திலிருந்து இறங்கி நேராக ரயில் ஏறுபவர்கள், குடிநுழைவு வரிசையை மனத்தில் வைத்து, தரையிறங்கும் நேரத்துக்கும் ரயிலுக்கும் இடையே மூன்று மணி நேரமாவது விடுங்கள்.

ஜெர்மனியில் குடியிருப்பவர்களிடம் டாய்ச்லாண்ட் டிக்கெட் இருக்கும். 2026 ஜனவரியிலிருந்து மாதத்துக்கு 63 யூரோ. ஹாலே டிராம், பஸ், லைப்சிக் எஸ்-பான், மண்டல ரயில்கள் எல்லாம் அதில் அடக்கம். ஐசிஇ, ஐசி ஆகிய நெடுந்தூர ரயில்கள் அடக்கமில்லை. டிக்கெட் உங்கள் பெயரில் இருப்பதால் புகைப்பட அடையாள அட்டை கூடவே இருக்க வேண்டும். மனைவியின் டிக்கெட்டில் கணவர் போக முடியாது.

சுற்றுலா வந்தவர்கள் அதை வாங்கும் முன் யோசியுங்கள். அது மாதச் சந்தா. மாத நடுவில் எடுத்தாலும் அந்த மாதக் கடைசி வரைதான் செல்லும். ரத்து செய்வதை 10ஆம் தேதிக்குள் சொல்ல வேண்டும். 15ஆம் தேதி எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் அடுத்த மாதப் பணமும் கணக்கிலிருந்து போய்விடும். இரண்டு மூன்று நாள் பயணத்துக்கு மாநில ஒரு நாள் டிக்கெட் மேல். ஸாக்சனி, ஸாக்சன்-அன்ஹால்ட், தூரிங்கியா மூன்று மாநிலங்களிலும் ஒரே டிக்கெட் செல்லும். ஒருவருக்கு 30 யூரோவுக்குச் சற்று மேலாகும். கூடுதலாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் சில யூரோ மட்டுமே என்பதால் நான்கைந்து பேர் சேர்ந்தால் தலைக்கு மிகக் குறைவாக வரும். வார நாள்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லுபடியாகும். 8.50 ரயிலில் ஏறி ‘பத்து நிமிடம்தானே’ என்று சொன்னால் பரிசோதகர் ஏற்க மாட்டார். பயணிகளின் பெயரை டிக்கெட்டில் எழுத மறக்காதீர்கள்.

5. ஊருக்குள்

ரயில் நிலையத்திலிருந்து சந்தைச் சதுக்கம் லைப்சிகர் தெரு வழியே 15 நிமிட நடை. தெரு பாதசாரிகளுக்கானது. பழைய நகரம் முழுவதும் கருங்கல் பாவிய தரை. சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தால் சக்கரம் போய்விடும். பெட்டியை நிலையத்துப் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைத்துவிட்டு வெளியே வாருங்கள். குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுவருபவர்கள் பெரிய சக்கரம் உள்ளதைக் கொண்டுவாருங்கள்.

டிராமில் ஒரு முறை போக சுமார் 3 யூரோ. நாளில் மூன்று தடவைக்கு மேல் ஏறுவதானால் 24 மணி நேர டிக்கெட் கேளுங்கள். ஹாலே நகரம் கட்டண மண்டலம் 210, லைப்சிக் 110. ஹாலேக்கு மட்டும் எடுத்த டிக்கெட்டில் லைப்சிக்குக்குப் போக முடியாது. சில காகித டிக்கெட்டுகளை ஏறியவுடன் சிறு இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். ‘என்ட்வெர்ட்டன்’ என்ற சொல் டிக்கெட்டில் இருந்தால் அதுதான் அர்த்தம். முத்திரை இல்லாத டிக்கெட்டும் டிக்கெட் இல்லாததும் ஒன்றே: அபராதம் 60 யூரோ. வெளிநாட்டவர், தெரியாது என்பதெல்லாம் அங்கே செல்லாது.

6. பிராங்கே அறநிலையம்: காலை முழுவதையும் இதற்கே கொடுங்கள்

1698இல் தொடங்கிய அறநிலையம் இது. அனாதை இல்லம், பள்ளிகள், அச்சகம், மருந்தகம் எல்லாம் ஒரே வளாகத்தில் இயங்கியவை. முகவரி பிராங்கேபிளாட்ஸ் 1. அதே பெயரில் டிராம் நிறுத்தமும் உண்டு. இரண்டு பெரிய மேம்பாலச் சாலைகள் பக்கத்திலேயே ஓடுவதால் கைப்பேசி வரைபடம் சில சமயம் தவறான பக்கத்தைக் காட்டும். சதுக்கத்தின் பக்கம் வந்தால் முகப்பில் சூரியனை நோக்கிப் பறக்கும் கழுகுகளோடு உயரமான மஞ்சள் கட்டடம் தெரியும். அதுதான் 1ஆம் எண் கட்டடம், பழைய அனாதை இல்லம்.

வளாகத்துக்குள் நடக்கக் கட்டணமில்லை. கண்காட்சிக்கு டிக்கெட் வேண்டும். செவ்வாய் முதல் ஞாயிறு வரை காலை 10 முதல் மாலை 5 வரை. மாணவர்கள் அட்டையைக் காட்டினால் சலுகை. ‘எர்மெசிக்ட்’ என்று கேளுங்கள். பையைப் பெட்டகத்தில் வைக்க 1 அல்லது 2 யூரோ நாணயம் வேண்டும், திறக்கும்போது திரும்பி வரும். சில்லறை இல்லாமல் போனால் நேரம் வீண்.

உள்ளே போனதும் கீழ்த்தளத்தில் நின்றுவிடாமல் நேராக மாடத்துக்கு ஏறுங்கள். கூரைக்குக் கீழே இருக்கும் அந்த அறையில் 18ஆம் நூற்றாண்டில் ஓவியர் கிருண்ட்லர் வரைந்து அலங்கரித்த அலமாரிகள் அதே இடத்தில் நிற்கின்றன. சுமார் 3,000 பொருள்கள். தென்னிந்தியாவிலிருந்து மிஷனரிகள் அனுப்பிய பொருள்களைத் தேடிப் பாருங்கள். விளக்க அட்டையில் ‘தமிழ்’ என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். அந்தக் காலத்து ஜெர்மானியர்கள் நம் மொழியையும் மக்களையும் ‘மலபாரிஷ்’ அல்லது ‘டமூலிஷ்’ என்றார்கள். தரங்கம்பாடி ‘டிராங்கெபார்’ ஆனது. இந்த மூன்று சொல்லையும் மனத்தில் வைத்துக்கொண்டால் அறை உங்களுக்குத் திறக்கும். மலபார் என்றதும் கேரளம் என்று நினைத்துத் தமிழர்கள் கடந்து போய்விடுகிறார்கள். அது நம் பொருள்தான்.

காற்றும் வெளிச்சமும் இருக்கும் நாளில் கூரை மேல் உள்ள பார்வை மேடைக்கும் ஏறுங்கள். அங்கிருந்து பார்த்தால்தான், வளாகத்தில் மரச்சட்டங்கள் வைத்துக் கட்டிய நீண்ட வீட்டின் நீளம் புரியும்.

பிறகு நூலகக் கட்டடம். 1728இல் முடிந்தது. நாடக மேடைத் திரைகளைப் போல் வரிசையாகப் புத்தக அடுக்குகள் நிற்கும் ஒற்றைக் கூடம். பார்க்க இருபது நிமிடம் போதும். ஆனால் டிக்கெட்டை வாங்கிவிட்டு இதை மறந்து வெளியேறுகிறவர்கள் ஏராளம், ஏனென்றால் இது தனிக் கட்டடம், உள்ளே தள்ளி இருக்கிறது. நுழைவிலேயே வரைபடம் கேட்டு வாங்குங்கள்.

7. ஓலைச்சுவடியைக் கையருகே பார்க்க வேண்டுமா?

கண்காட்சி டிக்கெட்டைக் காட்டிக் காப்பகத்துக்குள் போக முடியாது. அது ஆய்வு வாசிப்பறை, வார நாள்களில் மட்டும் இயங்கும். ஆய்வாளர்களுக்கும், குடும்ப வரலாறோ ஊர் வரலாறோ தேடுபவர்களுக்கும் இதோ வழி:

முதலில் வீட்டிலிருந்தே அறநிலையத்தின் இணையப் பட்டியலில் தேடுங்கள். மேலே சொன்ன பழைய சொற்களைப் போட்டால்தான் முடிவுகள் வரும். மிஷன் ஆவணங்களின் குறியீடு ஏ-எஃப்-எஸ்-டி என்று தொடங்கி, சாய்கோட்டுக்குப் பிறகு எம் என்று வரும். அந்தக் குறியீட்டை எண்களோடு முழுதாக எழுதிக்கொள்ளுங்கள். கணிசமான பகுதி ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நீங்கள் தேடுவது அதில் இருந்தால் நேரில் எடுத்துக் காட்டச் சொல்லிக் கேட்பதில் பயனில்லை. பழைய ஓலையைத் தேவையில்லாமல் கையாள விடமாட்டார்கள்.

குறைந்தது இரண்டு வாரம் முன்பே மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆங்கிலத்தில் எழுதலாம். பெயர், எதற்காகப் பார்க்கிறீர்கள், ஆவணக் குறியீடு, வரும் தேதி இந்த நான்கும் இருந்தால் போதும். ‘தமிழ் ஓலைகள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்’ என்று எழுதினால் பதில் எழுதுபவருக்கு எதை எடுத்து வைப்பதென்று தெரியாது. வரும் நாளில் பாஸ்போர்ட் கொண்டுவாருங்கள், பதிவுப் படிவம் நிரப்ப வேண்டியிருக்கும். பேனா வேண்டாம், பென்சில் மட்டும். படம் எடுப்பதற்கும் வெளியிடுவதற்கும் தனித்தனியாக அனுமதி கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

இன்னொன்று: 18ஆம் நூற்றாண்டு ஜெர்மன் கையெழுத்து, இன்று ஜெர்மன் சரளமாகப் பேசுபவர்களுக்கும் படிக்கக் கடினம். ஓலையில் உள்ள தமிழும் புள்ளியில்லாமல் எழுதப்பட்டது. ஒரு காலைப் பொழுதில் மூன்று பக்கம் படித்தாலே நல்ல வேகம். அதற்கேற்ப நாளை ஒதுக்குங்கள்.

8. நெப்ரா வான்தட்டு

சூரியன், பிறைநிலா, விண்மீன்களைத் தங்கத்தில் பதித்த வெண்கலத் தட்டு. சுமார் 3,600 ஆண்டுக்கு முன் மண்ணில் புதைக்கப்பட்டது, 1999இல் வெளிப்பட்டது. அசல் தட்டு இருப்பது ஹாலேயின் மாநிலத் தொல்வரலாற்று அருங்காட்சியகத்தில். நெப்ரா ஊருக்கு அருகிலும் ஒரு பார்வையாளர் மையம் இருக்கிறது. அங்கே இருப்பது நகல். பெயரைப் பார்த்து அங்கே ரயிலேறிப் போய் ஏமாறாதீர்கள். அசல் சில சமயம் வேறு நாட்டு அருங்காட்சியகங்களுக்கு இரவலாகப் போவதுண்டு என்பதால், கிளம்பும் முன் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

சந்தைச் சதுக்கத்திலிருந்து நடந்தால் 25 நிமிடம். டிராமில் போனால் ‘ரைலெக்’ நிறுத்தத்தில் இறங்கிச் சிறிது நடக்க வேண்டும். சிறப்புக் கண்காட்சி நடக்கும்போது டிக்கெட் விலை கூடும். தட்டு மட்டும் போதும் என்றால் நிரந்தரக் கண்காட்சிக்கு மட்டும் டிக்கெட் கேளுங்கள். தட்டு இருக்கும் அறை இருட்டாக இருக்கும், கண் பழக ஒரு நிமிடம் கொடுங்கள்.

9. நேரம் மீந்தால்

சந்தைத் தேவாலயத்தின் நான்கு கோபுரமும் தனியே நிற்கும் சிவப்புக் கோபுரமும் சேர்ந்ததுதான் ஊரின் அடையாளமான ஐந்து கோபுரம். சிவப்புக் கோபுரத்தில் 76 மணிகள். தேவாலயத்தில் மார்ட்டின் லூதரின் மரண முகமூடி இருக்கிறது. ஞாயிறு காலை ஆராதனை முடியும்வரை சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். கோபுரத்தில் ஏற, சதுக்கத்திலுள்ள சுற்றுலாத் தகவல் மையத்தில் வழிகாட்டிச் சுற்றுக்கு முன்பதிவு செய்ய வேண்டும்.

ஹெண்டல் இல்லம் அருகிலேயே இருக்கிறது. மோரிட்ஸ்பூர்க் பத்து நிமிட நடை. கீபிகென்ஷ்டைன் மேல்கோட்டை ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மட்டும் திறந்திருக்கும். ஹல்லோரன் சாக்லேட் ஆலை ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம், பழைய நகரத்துக்கு நேரெதிர்த் திசையில். அதைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

10. ஒரு நாள் செலவு, சாப்பாடு

லைப்சிக்கிலிருந்து வந்து திரும்பும் ஒருவர் இப்படி ஒதுக்கலாம்: போக்குவரத்துக்கு 30 முதல் 35 யூரோ (டாய்ச்லாண்ட் டிக்கெட் இருந்தால் ஒன்றுமில்லை), இரண்டு அருங்காட்சியகங்களுக்கு 20 யூரோ, மதியச் சாப்பாட்டுக்கு 15 யூரோ, பெட்டகம், காபி, கழிப்பறைக்கு 10 யூரோ. 20 யூரோவாவது ரொக்கமாக வைத்திருங்கள். சிறு பேக்கரிகளில் குறைந்த தொகைக்கு அட்டை வாங்கமாட்டார்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் 25 சென்ட் வைப்புத்தொகை சேர்ந்திருக்கும். தூக்கி எறியாமல் சூப்பர்மார்க்கெட் இயந்திரத்தில் போட்டுத் திரும்ப வாங்குங்கள்.

சைவ உணவுக்காரர்கள் மூன்று சொற்களைக் கவனியுங்கள். ‘ஷ்பெக்’ என்றால் பன்றிக்கொழுப்பு, உருளைக்கிழங்குப் பொரியலில்கூட வரும். ‘ஷ்மால்ட்ஸ்’ உருக்கிய கொழுப்பு, ரொட்டியில் தடவித் தருவார்கள். ‘ப்ரூயெ’ சூப்புக்கான சாறு. காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் இறைச்சிச் சாறாக இருக்கலாம். ‘ஓனெ ஃப்ளைஷ்’, அதாவது இறைச்சி இல்லாமல், என்று மட்டும் கேட்டால் இந்த மூன்றும் தட்டில் வந்துவிடும். ‘வெகேடாரிஷ்’ என்று கேளுங்கள். பால், முட்டையும் வேண்டாம் என்றால் ‘வேகான்’.

குளிர்காலத்தில் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். நவம்பர் முதல் ஜனவரி வரை வருபவர்கள் தெருக்களையும் கோபுரத்தையும் காலையில் முடித்துவிட்டு, அருங்காட்சியகங்களை மதியத்துக்கு வையுங்கள். மற்ற மாதங்களில் வரிசையை மாற்றலாம்: பத்து மணிக்குப் பிராங்கே அறநிலையம், ஒரு மணிக்குச் சாப்பாடு, இரண்டரைக்கு வான்தட்டு, ஐந்துக்கு மேல் ஸாலே கரை.